விமான நிலையத்தில் ஒரு நாகலோகம்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். ஆனால் யாரும் கண்டு நடுங்க வேண்டியதில்லாத ஒரு சாதுவான பாம்பு இருக்கிறது. அது உயிர் பிழைத்திருப்பதற்காக ஒரு பெரிய தேசத்தின் சட்டமும், உலகப் பிரசித்தி பெற்ற ஒரு விமான நிலையமும், ஒரு வெள்ளாட்டு மந்தையும் சேர்ந்து பாடுபட்டு வருகின்றன என்று சொன்னால் நேயர்கள் நம்புவார்களா? சில நாட்களுக்கு முன்பு ஒன்பதாம் வகுப்பில் பாடத்தின் இடையே இந்த விஷயத்தை நான் சொன்னபோது, மாணாக்கர்கள் நம்பவில்லை. வாத்தியார் கதை விடுகிறார் என்றே நினைத்தார்கள். பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "பாம்பை அடிக்காமல் விட்டாலே போதாதா, ஸார்? அதற்குப் பாதுகாப்பு வேறு வேண்டுமா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

வீடு திரும்பும் வழியில் யோசித்துப் பார்த்தபோது, அந்தப் பையன் தன்னை அறியாமலே விஷயத்தின் உயிர்நாடியைத் தொட்டுவிட்டான் என்று தோன்றிற்று. ஒரு ஜீவன் உலகத்தில் நிலைத்திருக்க, அதை அடிக்காமல் விட்டால் போதுமா, போதாதா? இந்தக் கேள்விக்கு அந்தப் பாம்பின் சரித்திரத்தைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரிந்தவரையில் வேறு இல்லை. ஆகவே அதை இங்கே சற்று விரிவாகவே சொல்லுகிறேன்.

மேஜோட்டுப் பட்டி

"ஸான் பிரான்ஸிஸ்கோ கார்டர் பாம்பு" என்பது அதன் பெயர். மேல்நாட்டார் முற்காலத்தில் கால் மேஜோடு நழுவி விழாமல் இருப்பதற்காக அதன் மேல் ஒரு பட்டியை இழுத்துக் கட்டிக்கொள்வது வழக்கம். அந்தப் பட்டிக்குத்தான் "கார்டர்" என்று பெயர். நீளவாட்டில் கோடுகள் ஓடும் அத்தகைய பட்டியைப்போல உடம்பில் வரிகள் ஓடுவதால் இந்தப் பாம்புகளுக்கும் அந்தப் பெயரே வந்துவிட்டது. கார்டர் பாம்புகளில் பல ஜாதிகள் உண்டு. கனடாவிலிருந்து மத்திய அமெரிக்கா வரையில் அவை பரவியிருக்கின்றன. அவற்றுள் ஒரு ஜாதியின் உட்பிரிவுதான் நமது கதாநாயகன். உறவினர்கள் ஒரு கண்டம் முழுவதும் ஊர்ந்து திரிய, இது மட்டும் ஒரே ஒரு சிறு மூலையைத் தன் உலகமாகக் கொண்டிருக்கிறது.

வட அமெரிக்காவிலேயே இதைவிட அழகான பாம்பு இல்லை என்று சொல்லுகிறவர்கள் பலர். முதுகின் நடுவே பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் ஓர் அகலப் பட்டை. அதன் இரு ஓரத்திலும் கறுப்புக் கரை. கறுப்பை அடுத்து, இரு பக்கமும் பவளம் போன்ற செந்நிறப் பட்டை. அதற்குக் கீழே மறுபடியும் கறுப்பு. வயிற்றுப் புறமோ மயில் கழுத்தை நினைவூட்டும் நீலப் பச்சை. தலை செம்மஞ்சள் நிறம். காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவர் பார்த்தால், இந்த வர்ணச் சேர்க்கையில் ஒரு புடவை நெய்தால் என்ன என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார். நன்றாக வளர்ந்த பாம்பு மூன்று, நான்கு அடி நீளம் இருக்கும். மனிதருக்குக் கெடுதி செய்யக்கூடிய விஷம் இதற்கு இல்லை. யாராவது கையில் பிடித்தால், துர்நாற்றமான ஒரு திரவத்தைப் பீச்சிவிட்டு ஓடப் பார்க்கும். அதுதான் அதனுடைய ஆயுதம்.

நம் ஊர்க் குளங்களிலும் வாய்க்கால்களிலும் தவளை பிடித்துத் திரியும் நீர்க்கோலி இருக்கிறதே, அதற்கும் இதற்கும் தூரத்து உறவு உண்டு. சாஸ்திரக்காரர்கள் இரண்டையும் ஒரே பெருங்கிளையில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசம். நீர்க்கோலி முட்டையிடும், கார்டர் பாம்பு குட்டி போடும். மூடுபனி படியும் குளிர்ந்த கடற்கரையில் முட்டையை மண்ணில் விட்டுவிட்டால் அது வேண்டிய சூடு பெறுவது கடினம். தாய் தன் வயிற்றிலேயே குட்டிகளை வைத்துக்கொண்டு, வெயில் அடிக்கும் இடமாகப் பார்த்து நகர்ந்து படுத்தால், அந்தச் சூடு குட்டிகளுக்கும் கிடைக்கும். வசந்த காலத்தில் கருக்கொண்டு, ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஒரு ஈற்றில் பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு குட்டிகள் வரை ஈனுகிறது. பிறந்த குட்டிகளுக்குத் தாயின் பராமரிப்பு ஒன்றும் கிடையாது. அன்று முதல் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பூகம்பம் வெட்டிய குளங்கள்

அமெரிக்காவின் மேற்குக் கோடியில் கலிபோர்னியா ராஜ்யம் இருக்கிறது. அங்கே பஸிபிக் மகா சமுத்திரத்துக்கும் ஸான் பிரான்ஸிஸ்கோ வளைகுடாவுக்கும் நடுவே ஒரு விரலைப்போல நீண்டு கிடக்கிறது ஒரு தீபகற்பம். விரலின் நுனியில் இருப்பது ஸான் பிரான்ஸிஸ்கோ நகரம். நகரத்துக்குத் தெற்கே, விரலின் மற்றப் பகுதியில் இருப்பது ஸான் மெட்டியோ ஜில்லா. இந்த ஒரு ஜில்லாவும், அதற்குத் தெற்கே உள்ள ஸாண்டா குரூஸ் ஜில்லாவின் வடகோடி ஓரமும்தான் நமது பாம்பின் உலகம். அதற்கு அப்பால் பூமியில் வேறெங்கும் இது இயற்கையாக வாழவில்லை.

இந்தத் தீபகற்பத்தின் ஊடே ஸான் ஆண்ட்ரியாஸ் என்ற பெரும் நிலப்பிளவு ஓடுகிறது. 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி விடியற்காலையில் அந்தப் பிளவு அசைந்ததில்தான் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரம் இடிந்து, பற்றி எரிந்து, ஏறக்குறைய 3,000 பேர் மாண்டார்கள். நகரத்தை அழித்த அதே பிளவு பாம்புக்கு ஓர் உபகாரமும் செய்திருக்கிறது. பிளவின் ஓரமாக நிலம் அங்கங்கே அமுங்கி, பள்ளம் விழுந்து, மழைநீரும் ஊற்றுநீரும் தேங்கிச் சின்னஞ் சிறு குளங்கள் உண்டாயின. யாரும் வெட்டாத குளங்கள். பூகம்பமே வெட்டிய குளங்கள். மலை முகட்டை ஒட்டி வரிசையாக இருந்த அந்தக் குளங்களில் சம்பங்கோரை வளர்ந்தது. கோரையின் நடுவே தவளை வளர்ந்தது. தவளையைத் தேடிப் பாம்பு வந்தது.

பாம்புக்கு வேண்டியவை மூன்று. தவளை இருக்கும் குளம் ஒன்று. குளக்கரையில் ஓடி ஒளியக் கோரையும் புதரும். சற்று மேட்டில் வெயில் படும் புல்வெளி. அந்தப் புல்வெளியில் எலி வகைகள் தோண்டிவைத்த வளைகள் இருக்க வேண்டும். கடற்கரைப் பக்கத்தில் குளிர்காலம் முழுவதும் பாம்பு அந்த வளைகளில்தான் உறங்கும். குளம் இருந்து மேடு இல்லாவிட்டாலும் பாம்பு இல்லை; மேடு இருந்து குளம் வற்றிவிட்டாலும் பாம்பு இல்லை.

தவளை என்றால் ஏதோ ஒரு தவளை என்று எண்ணிவிடக் கூடாது. குட்டிப் பருவத்தில் சிறு மரத்தவளைகளைத் தின்று வளரும் இந்தப் பாம்புக்கு, பெரியதானபின் முக்கிய ஆகாரம் கலிபோர்னியாச் செங்கால் தவளை. அந்தத் தவளையின் கதையும் சோகமானதே. 1849ஆம் ஆண்டில் தங்கம் தேடிக் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியவர்களுக்கும், அவர்களுக்குப் பின் வளர்ந்த நகரத்தாருக்கும் தவளைக்கால் ஒரு ருசியான பண்டமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வருஷத்துக்குச் சுமார் 80,000 செங்கால் தவளைகள் பிடிக்கப்பட்டன. தவளை தன் வாயால் கெடும் என்பது பழமொழி. இந்தத் தவளை பிறர் வாயால் கெட்டது. அது குறைந்து போனதும், அதன் இடத்தை நிரப்ப அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலிருந்து காளைத் தவளை என்னும் பெரிய ஜாதியைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் காளைத் தவளை சும்மா இருக்குமா? மிச்சமிருந்த செங்கால் தவளைகளைத் தின்றது. அவற்றைத் தின்ன வந்த பாம்புக் குட்டிகளையும் தின்றது! 1996ஆம் ஆண்டில் செங்கால் தவளையும் சர்க்காரின் பாதுகாப்புப் பட்டியலில் ஏற வேண்டியதாயிற்று.

பாம்புக்கு இன்னொரு வியப்பான திறமையும் உண்டு. அப்பிரதேசத்தில் நீர்ப்பல்லி போன்ற ஒரு பிராணி இருக்கிறது. அதன் தோலில், ஜப்பானியக் கடல்களில் உள்ள பேத்தை மீனின் கொடிய விஷமே இருக்கிறது. மற்றப் பிராணிகள் அதைத் தின்றால் நரம்புகள் செயலற்று மாண்டுபோகும். ஆனால் வளைகுடாப் பிரதேசத்துக் கார்டர் பாம்புகளின் நரம்பு அமைப்பு எத்தனையோ தலைமுறைகளில் சிறிது சிறிதாக மாறி, அந்த விஷம் தம்மேல் எளிதில் ஏறாதபடி ஆகியிருக்கிறது. விஷத்தையே ஜீரணித்த இந்தப் பாம்பால் ஜீரணிக்க முடியாத பொருள் ஒன்று பின்னால் வந்தது. அதுதான் வீட்டுமனை.

எழுபத்தெட்டில் ஒரே பாம்பு

இரண்டாம் உலக மகாயுத்தம் முடிந்தபின் ஸான் பிரான்ஸிஸ்கோவைச் சுற்றி வீடுகள் முளைக்கத் தொடங்கின. யுத்தத்திலிருந்து திரும்பியவர்களுக்கும், புதிதாகக் குடும்பம் தொடங்கியவர்களுக்கும் வீடு வேண்டாமா? அது நியாயமான தேவைதான். மலை முகட்டை ஒட்டிய ஸ்கைலைன் சாலை ஓரத்தில் பூகம்பம் வெட்டிய குளங்கள் ஒவ்வொன்றாகத் தூர்க்கப்பட்டன. அவற்றின்மேல் அச்சில் வார்த்தாற்போன்ற வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. பாம்புகள் மிக அதிகமாக இருந்த இடங்களில் ஒன்று அப்படியே மறைந்து போயிற்று. யாரும் தடியெடுத்துப் பாம்பை அடிக்கவில்லை. அங்கே பாம்பு இருந்தது என்பதே குடிவந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திராது. கீழே குளம் இருந்தது, இப்போது வீடு இருக்கிறது, அவ்வளவுதான்.

1966ஆம் ஆண்டில் அமெரிக்க சர்க்கார், அழிந்துவரும் பிராணிகளைக் காப்பதற்கென ஒரு சட்டம் செய்தது. அதன்படி 1967 மார்ச்சு மாதம் வெளியான முதல் பட்டியலில் 78 பிராணிகள் இடம் பெற்றன. வெண்தலைக் கழுகு, கலிபோர்னியப் பெருங்கழுகு, அமெரிக்க முதலை முதலிய பெரிய பெரிய பிரமுகர்கள் அதில் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் நடுவே பாம்பு என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுதான் நமது ஸான் பிரான்ஸிஸ்கோ கார்டர் பாம்பு.

அந்தப் பட்டியலைக் கொஞ்சம் கூர்ந்து கவனித்தால் ஓர் உண்மை விளங்கும். முதலை 1987இல் அபாய நிலை நீங்கிவிட்டது என்று அறிவிக்கப்பட்டது. தோலுக்காக வேட்டையாடியவர்களின் கையைச் சட்டம் தடுத்தது, முதலை பெருகிவிட்டது. அந்நாட்டின் தேசியச் சின்னமான வெண்தலைக் கழுகு 2007இல் பட்டியலிலிருந்து நீங்கிற்று. அதன் முட்டை ஓட்டை மெலியச் செய்து உடையவைத்த டி.டி.டி. மருந்து 1972இல் தடை செய்யப்பட்டது; கழுகும் மீண்டுவிட்டது. ஆனால் அதே நாளில் அதே பட்டியலில் ஏறிய நமது பாம்பு, அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இறங்கவில்லை. ஏன்? வேட்டைக்காரனின் கையைப் பிடித்து நிறுத்தலாம். மருந்தைத் தெளிக்காதே என்று உத்தரவு போடலாம். மேலே நகரம் எழுந்துவிட்ட குளத்தை எந்தச் சட்டத்தால் திரும்ப அழைக்க முடியும்?

1985ஆம் ஆண்டில் சர்க்கார் நிபுணர்கள் பாம்பை மீட்பதற்கு ஒரு திட்டம் வகுத்தார்கள். குறைந்தது 10 இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் வளர்ந்த பாம்புகள் 200 வீதமாவது, ஆணும் பெண்ணும் சரிபாதியாக நிலைத்து வாழ வேண்டும். அப்போதுதான் ஆபத்து நீங்கியது என்று கொள்ளலாம் என்பது அதன் சாரம். பெரிய இலக்கு என்று சொல்ல முடியாது. நம் ஊர்த் திருவிழாவில் ஒரு தெருவில் கூடும் கூட்டம் அதைவிட அதிகம். ஆனாலும் அந்த இலக்கு இன்னும் எட்டப்படவில்லை.

மன்மதன் கால்வாய்

இவ்வளவு நெருக்கடியில், இந்தப் பாம்பு இன்றைக்கு மிக நெருக்கமாக வாழும் இடம் எது தெரியுமா? மலையோ வனமோ இல்லை. ஓயாமல் விமானங்கள் இறங்குவதும் ஏறுவதுமாக இருக்கும் ஸான் பிரான்ஸிஸ்கோ சர்வதேச விமான நிலையத்துக்குச் சொந்தமான ஒரு காலி நிலம். 180 ஏக்கர் பரப்பு. ஒரு பக்கம் மோட்டார்கள் பறக்கும் பெருஞ்சாலை. மறுபக்கம் ரயில் பாதை. அதற்கு அப்பால் குடியிருப்புகள். நடுவே சதுப்பும் கோரையும் கால்வாய்களும். ஒரு கால்வாய்க்குப் பெயர் "கூபிட் ரோ". கூபிட் என்பது மேல்நாட்டு மன்மதனின் பெயர். பாம்புகள் இனம் பெருக்க மன்மதன் கால்வாயைத் தேர்ந்தெடுத்தது பொருத்தமென்றே சொல்ல வேண்டும்!

அங்கே பாம்புகளை எண்ணியிருக்கிறார்கள். ஓடி ஒளியும் பிராணியை எப்படி எண்ணுவது என்று நேயர்கள் கேட்கலாம். கணக்கு வாத்தியாருக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. குட்டையான வேலி போட்டு, அதன் ஓரத்தில் கூண்டுகள் வைத்துப் பாம்புகளைப் பிடிப்பார்கள். பிடித்ததை அளந்து, அடையாளமிட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். சிலகாலம் கழித்து மறுபடி பிடிப்பார்கள். உதாரணமாக, முதல் தடவை 100 பாம்புகளுக்கு அடையாளமிட்டோம். இரண்டாந் தடவை பிடித்த 100இல் 20க்கு அடையாளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் ஒன்றுக்கு அடையாளம் இருப்பதால், மொத்தம் சுமார் 500 இருக்க வேண்டும். இந்த முறையை இன்னும் நுட்பமாகக் கையாண்டு சில ஆண்டுகளுக்கு முன் விமான நிலையத்து நிலத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கெடுத்தார்கள். ஏறக்குறைய 1,300 பாம்புகள் இருப்பதாகத் தெரிந்தது. இந்தப் பாம்பு இவ்வளவு நெருக்கமாக வாழும் இடம் வேறொன்றும் அறியப்படவில்லை.

விமான நிலையத்தார் புண்ணியம் தேடி இந்த நிலத்தை விட்டுவைத்தார்கள் என்று சொல்லவில்லை. சட்டம் கட்டுப்படுத்தியது, அவர்களும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றபின் செய்த காரியந்தான் கவனிக்கத்தக்கது. நிலத்தைச் சும்மா விட்டுவிட்டால் என்ன ஆகும்? கோரை மண்டிக் குளம் மூடிக்கொள்ளும். தண்ணீர்ப் பரப்பு மறையும், தவளை போய்விடும். மேட்டில் புல் உயர்ந்து காய்ந்தால், கோடையில் ஒரு தீப்பொறி போதும். பக்கத்திலுள்ள வீடுகளுக்கே ஆபத்து. புல்லை வெட்ட இயந்திரத்தை ஓட்டினாலோ, புல்லுக்குள் கிடக்கும் பாம்பும் தவளையும் நசுங்கிப்போகும். வெட்டினாலும் குற்றம், வெட்டாவிட்டாலும் குற்றம்.

இந்தத் தர்மசங்கடத்தைத் தீர்த்து வைத்தவைதான் முதலில் சொன்ன வெள்ளாடுகள். 2013ஆம் ஆண்டில் சுமார் 400 வெள்ளாடுகளை வாடகைக்கு வரவழைத்து அந்த நிலத்தில் மேயவிட்டார்கள். ஆடு வரும் சப்தம் கேட்டதும் பாம்பு மெல்ல விலகிக்கொள்ளும். ஆடும் பாம்பைச் சட்டை செய்யாது. இரண்டு வார காலத்தில் புல்லும் புதரும் ஒழிந்தன, வீடுகளும் பிழைத்தன, பாம்பும் பிழைத்தது. கோடிக்கணக்கான டாலர் புரளும் ஒரு விமான நிலையம், நம் கிராமத்து இடைப்பையனுக்குத் தெரிந்த வித்தையைக் கடைசியில் கைக்கொண்டது! காளைத் தவளையின் தொல்லை உள்ள குளங்களுக்கும் இதுபோல எளிய உபாயம் ஒன்று உண்டு. செங்கால் தவளையின் தலைப்பிரட்டை கோடைக்குள் வளர்ந்து தவளையாகிவிடும். காளைத் தவளையின் தலைப்பிரட்டைக்கோ பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு மேல் தண்ணீர் வேண்டும். ஆகவே கோடை முடிவில் குளத்தை வற்றவிட்டால் அந்நியன் ஒழிவான், சொந்தக்காரன் பிழைப்பான்.

குடிதண்ணீரும் பந்தாட்டமும்

பாம்புக்கு உபகாரம் செய்தவர்களில் மற்றொருவரையும் சொல்ல வேண்டும். அது ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தின் தண்ணீர்த் தாகம். நகரத்தாரின் குடிதண்ணீருக்காகத் தீபகற்பத்தின் நடுவே ஏரிகள் கட்டப்பட்டன. அவற்றுள் கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் அணை 1888ஆம் ஆண்டிலேயே எழுந்தது. நிலப்பிளவுக்கு அருகிலேயே இருந்தும் 1906ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் அசையாமல் நின்றது. தண்ணீர் அசுத்தமாகாதிருக்க ஏரிகளைச் சுற்றி 23,000 ஏக்கர் நிலத்தில் குடியேற்றம் இல்லாமல் காத்து வருகிறார்கள். யாரும் பாம்பை நினைத்துச் செய்த ஏற்பாடன்று. ஆனால் மனிதர் தமக்காகக் காத்த நிலம் பாம்பையும் காத்தது. கடற்கரையில் பெஸ்கடேரோ சதுப்பு, ஆன்யோ நுவேவோ முதலிய சில இடங்களிலும் இது இன்னும் வாழ்கிறது.

ஆனால் எல்லா இடத்திலும் மனிதர் நலமும் பாம்பின் நலமும் இவ்வளவு இணக்கமாக அமைவதில்லை. பஸிபிகா என்ற கடற்கரை ஊரில் ஷார்ப் பார்க் என்னும் கோல்ப் மைதானம் இருக்கிறது. அலிஸ்டர் மெக்கென்ஸி என்ற பெயர்பெற்ற நிபுணர் அமைத்து, 1932இல் திறக்கப்பட்டது. பணக்காரர்களின் சங்கத்துக்குச் சொந்தமான மைதானமன்று; ஸான் பிரான்ஸிஸ்கோ நகரசபைக்குச் சொந்தமானது. சாமானிய ஜனங்களும் குறைந்த கட்டணத்தில் விளையாடலாம். ஆனால் மைதானத்தை ஒட்டியுள்ள லகூனா ஸலாடா என்ற ஏரியிலும் சதுப்பிலும் செங்கால் தவளையும் கார்டர் பாம்பும் இருக்கின்றன. மழைக்காலத்தில் மைதானம் மூழ்காமலிருக்கத் தண்ணீரை இறைத்துக் கடலில் விட்டால், கரையோரத்துக் கோரையில் ஒட்டியிருக்கும் தவளை முட்டைகள் காய்ந்துபோகும். புல் வெட்டும் இயந்திரம் பாம்புக்கு எமன்.

மைதானத்தை மூடிச் சதுப்பை மீட்க வேண்டும் என்றார்கள் ஒரு சாரார். ஏழை எளியவர் விளையாடும் இடத்தை ஏன் மூடவேண்டும் என்றார்கள் மற்றொரு சாரார். 2011இல் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. பிராணிப் பாதுகாப்பு இலாகா, மைதானத்தை நடத்துவதற்குச் சில நிபந்தனைகளை விதித்தது. அதன்பின் 2012இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. ஆட்டமும் நடக்கிறது; பாம்பும் இருக்கிறது. பக்கத்திலேயே மோரி பாயிண்ட் என்ற பொது நிலத்தில் தவளைக்கென்றே புதிய குளங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. இதில் யாரை வில்லன் என்று சொல்வது? விளையாடுகிறவனும் வில்லன் இல்லை. பாம்புக்காக வாதாடுகிறவனும் வில்லன் இல்லை. இடம் ஒன்று; உரிமை கோருகிறவர்கள் பலர். வீடு கட்டினவர்களுக்கும் இதுவே பொருந்தும். சண்டை நல்லவருக்கும் கெட்டவருக்கும் நடந்தால் தீர்ப்புச் சொல்வது சுலபம். இங்கேயோ ஒரு நியாயத்துக்கும் இன்னொரு நியாயத்துக்கும் நடக்கிறது. அப்படி நடக்கும்போதெல்லாம், பேசத் தெரியாதவன் கட்சியில்தான் தோல்வி விழுவது வழக்கம்.

கூண்டும் குளமும்

"இத்தனை சிரமம் எதற்கு? நாலு ஜோடிப் பாம்பைப் பிடித்துக் கூண்டில் வளர்த்தால் இனம் அழியாதே!" என்று சிலர் கேட்கலாம். அதுவும் நடந்துதான் இருக்கிறது. இந்தப் பாம்பின் அழகே அதற்கு ஒரு வினையாயிற்று. அலங்காரப் பிராணிகளைச் சேகரிப்பவர்கள் திருட்டுத்தனமாக இதைப் பிடித்துப்போவதும் உண்டு. ஐரோப்பாவில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் தலைமுறை தலைமுறையாக இது பிறந்து வளர்கிறது. ஆனால் பெட்டியில் வளரும் பாம்பு பூகம்பக் குளத்தை அறியாது. நீர்ப்பல்லியின் விஷத்தோடு போட்டியிட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. மூடுபனியின் நடுவே வெயில் துண்டைத் தேடி ஊர வேண்டியதும் இல்லை. கோவிலை இடித்துவிட்டு விக்கிரகத்தை மட்டும் அலமாரியில் வைத்துக்கொள்வது போன்றதுதான் அது.

வெளியே இருக்கும் பாம்புகளுக்கோ வேறொரு அபாயம் காத்திருக்கிறது. விமான நிலையத்துப் பாம்பு பெருஞ்சாலையைத் தாண்டி மலைக்குப் போக முடியாது. கடற்கரைப் பாம்பு ஏரிக்கரைக்கு வர முடியாது. அங்கங்கே தீவுகளில் அடைபட்டவைபோல் அவை வாழ்கின்றன. தலைமுறைகள் செல்லச் செல்ல நெருங்கிய உறவுக்குள்ளேயே கலந்து, வம்ச பலம் குன்றத் தொடங்கும். அவற்றின் பரம்பரைக் கூறுகளைச் சோதித்த ஆராய்ச்சிக்காரர்கள் இந்தக் கவலையைத்தான் வெளியிட்டிருக்கிறார்கள். சாலைக்கு இந்தப் பக்கம் 1,300 இருந்தும், அந்தப் பக்கம் ஒன்றுடனும் கொள்வினை கொடுப்பினை இல்லை என்றால் வம்சம் எப்படித் தழைக்கும்?

ஸான் பிரான்ஸிஸ்கோ என்ற பெயரே அஸிஸி நகரத்து மகான் பிரான்ஸிஸின் பெயர். 1776இல் ஸ்பானியப் பாதிரிகள் அங்கே நிறுவிய மடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். பறவைகளையும் மிருகங்களையும் சகோதரர்கள் என்று எண்ணிய மகான் அவர். அவர் பெயர் தாங்கிய நகரம் வளர்ந்து வளர்ந்து, அதே பெயர் தாங்கிய பாம்பைக் கடைசியில் ஒரு விமான நிலையத்தின் வேலி ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. ஆனால் அந்த வேலி ஓரத்தில், அதே நகரத்தார்தான் ஆடு மேய்த்தும், குளத்தைத் தூர்வாரியும், கூண்டு வைத்து எண்ணியும் அதைக் காத்து வருகிறார்கள். தள்ளிய கையும் காத்த கையும் ஒன்றே என்பதில் எனக்கு வருத்தமும் உண்டு, நம்பிக்கையும் உண்டு.

மறுநாள் வகுப்பில் அந்தப் பையனை எழுப்பி, இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். "அடிக்காமல் விட்டால் போதாதா என்று கேட்டாயே, இப்போது நீயே சொல்" என்றேன். சற்று நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு, "குளத்தைத் தூர்த்தாலே அடித்த மாதிரிதான், ஸார். அடித்தவனுக்குத்தான் அது தெரியாது" என்றான்.

இந்த முறை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.